வளையமும் வரலாறும் – 14: ராபர்ட்சன் எதிர் என்.பி.ஏ.

சென்ற வாரம் பாஸ்டன் கார்டன் அரங்கில், உள்ளே தாழிட்ட ஒரு கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தோம். 1964 ஜனவரி 14. ஆல் ஸ்டார் ஆட்டத்தை நாடு முழுக்க ஒளிபரப்ப ஏ.பி.சி. தொலைக்காட்சி கேமராக்களோடு காத்திருக்கிறது. ஓய்வூதியத்துக்கு உறுதி தராவிட்டால் கோர்ட்டில் இறங்க மாட்டோம் என்று ஆட்டக்காரர்கள் அறைக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். லேக்கர்ஸ் முதலாளி பாப் ஷார்ட், தன் ஆட்டக்காரர்களான எல்ஜின் பெய்லரையும் ஜெர்ரி வெஸ்டையும் உடனே வெளியே வரச்சொல்லி ஆள் அனுப்புகிறார். அவர்கள் அசையவில்லை. லீக் ஆணையர் வால்டர் கென்னடி வாக்குக் கொடுத்த பிறகே ஆட்டம் தொடங்கியது, தாமதமாக.

அந்த அறையில் இருந்த ஒருவர் அன்றிரவு 26 புள்ளிகள், 14 ரீபவுண்டுகள், 8 அசிஸ்டுகள் எடுத்து ஆட்டநாயகன் ஆனார். மறுவருடம் ஆட்டக்காரர் சங்கத்துக்குத் தலைவரும் ஆனார். ஆஸ்கர் ராபர்ட்சன். ரசிகர்கள் வைத்த பெயர் ‘பிக் ஓ’.

கூடைப்பந்து பார்க்கிறவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் உடனே ‘ட்ரிபிள் டபுள்’ என்பார்கள். எனக்கு அவருடைய எண்களைவிட அவர் போட்ட வழக்குதான் பெரிது. எண்களையும் சொல்லிவிடுகிறேன். விட்டால் நீங்கள் கடிதம் எழுதுவீர்கள்.

ராபர்ட்சன் 1938 நவம்பர் 24 அன்று டென்னசி மாநிலத்தில் சார்லட் என்ற சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே போன லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்களைப் போல அவருடைய பெற்றோரும் கிளம்பி இண்டியானாபொலிஸ் நகருக்கு வந்தார்கள். கறுப்பினத்தவருக்கென்று அரசு கட்டிய லாக்ஃபீல்ட் கார்டன்ஸ் குடியிருப்புப் பகுதியில் வளர்ந்தார். பந்து வாங்க வழியில்லை. டென்னிஸ் பந்தையும், கந்தல் துணியைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய உருண்டையையும் வீட்டுக்குப் பின்னால் மாட்டிய பீச் பழக்கூடையில் எறிந்து பழகினார். 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஆணியடித்து மாட்டியதும் பீச் கூடைதான் என்பது இந்தத் தொடரின் முதல் அத்தியாயத்தைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்.

அவர் சேர்ந்த பள்ளியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். கிறிஸ்பஸ் அட்டக்ஸ் உயர்நிலைப் பள்ளி. 1770-இல் பாஸ்டனில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் முதலில் விழுந்த கறுப்பினத்தவரின் பெயர் அது. பெயர் என்னவோ பெருமையானதுதான், பள்ளி பிறந்த காரணம் அப்படி இல்லை. கூ க்ளக்ஸ் க்ளான் இண்டியானா அரசியலில் கோலோச்சிய 1920-களில், நகரத்தின் கறுப்பினப் பிள்ளைகளை எல்லாம் வெள்ளைப் பள்ளிகளிலிருந்து பிரித்து ஒரே கட்டடத்தில் சேர்ப்பதற்காகக் கட்டினார்கள். 1927-இல் திறந்தது. மாநிலப் பள்ளிக் கூடைப்பந்துப் போட்டியில் கறுப்பினப் பள்ளிகளைச் சேர்த்துக்கொள்ளவே 1942 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன்பிறகும் அட்டக்ஸிடம் பார்வையாளர் உட்கார்ந்து பார்க்கும்படியான உள்ளரங்கம் கிடையாது. சொந்த ஊர் ஆட்டங்களையே வேறு அரங்குகளில் ஆடினார்கள்.

இண்டியானாவில் பள்ளிக் கூடைப்பந்து என்பது திருவிழா. ஊர் மக்கள்தொகையைவிட ஊர்ப்பள்ளி அரங்கில் இருக்கைகள் அதிகம் என்று சொல்லக்கூடிய சிற்றூர்கள் அங்கே உண்டு. 1954-இல் மைலன் என்ற குட்டி ஊரின் பள்ளி மாநிலக் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் பாபி பிளம்ப் கடைசி நொடிகளில் எறிந்த பந்து 32–30 என்று முடித்துவைத்தது. 1986-இல் வந்த ‘ஹூசியர்ஸ்’ படத்துக்கு அந்தக் கதைதான் மூலம். மைலன் இறுதிக்கு வரும் வழியில் தோற்கடித்த அணிகளில் ஒன்று அட்டக்ஸ். அந்த அணியில் ராபர்ட்சன் பதினைந்து வயதுப் பையன்.

அடுத்த வருடம், 1955-இல், பயிற்சியாளர் ரே க்ரோவின் அட்டக்ஸ் அணி ஒரே ஒரு ஆட்டத்தில் தோற்று 30-ஐ வென்று மாநில இறுதிக்கு வந்து நின்றது. எதிரே கேரி ரூஸ்வெல்ட், அதுவும் கறுப்பினப் பள்ளி. 97–74. எல்லாப் பள்ளிகளும் கலந்துகொள்ளும் மாநிலப் போட்டியில் கறுப்பினப் பள்ளி ஒன்று கோப்பை வென்றது அமெரிக்காவிலேயே அதுதான் முதல் தடவை. இண்டியானாபொலிஸ் நகரப் பள்ளி ஒன்று மாநிலக் கோப்பையைத் தொட்டதும் அப்போதுதான். தலைநகரம் அதற்கு நாற்பதாண்டுகளுக்கு மேல் ஏங்கியிருந்தது.

ஜெயித்த அணியைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றி, நகரின் நடுவிலுள்ள நினைவுத்தூண் வட்டத்தில் வைத்துக் கொண்டாடுவது வழக்கம். அட்டக்ஸ் பிள்ளைகளையும் ஏற்றினார்கள். வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அங்கே இறக்காமல் நேராகக் கறுப்பினத்தவர் வாழும் பகுதியிலுள்ள நார்த்வெஸ்டர்ன் பூங்காவுக்கு ஓட்டிப் போய்விட்டார்கள். நகர மையத்தில் கறுப்பினக் கூட்டம் கூடினால் கலவரம் வரும் என்று அதிகாரிகள் பயந்தார்களாம். பூங்காவில் தீ மூட்டி ஆட்டமும் பாட்டுமாக இருந்தபோது ராபர்ட்சன் அங்கே நிற்கவில்லை. பாதியிலேயே கிளம்பி அப்பா வீட்டுக்குப் போய்த் தரையில் படுத்துக்கொண்டார். இதை அவரே தன் வாழ்க்கை நூலில் எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டு அட்டக்ஸ் 31 ஆட்டங்களில் 31-ஐயும் வென்றது. தோல்வியே இல்லாமல் இண்டியானா கோப்பையை வென்ற முதல் அணி அது. ஹாலிவுட் பெருங்கதையாக்கியது மைலனைத்தான். நான் படத்தைக் குறைசொல்லவில்லை, நல்ல படம். ஆனால் வரலாறு திரும்பியது அடுத்த வருடம், அதே அரங்கில்.

சின்சினாட்டி பல்கலைக்கழக நாட்களை வேகமாகக் கடந்துவிடலாம். மூன்று பருவங்கள், மூன்றிலும் நாட்டிலேயே அதிகப் புள்ளி, ஆட்டத்துக்குச் சராசரி 33.8. இரண்டாம் ஆண்டு மாணவராக நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரே ஆட்டத்தில் 56. கூடவே இன்னொன்று. ஹூஸ்டனில் ஆடப் போனபோது அணி தங்கிய ஓட்டலில் அவருக்கு இடமில்லை என்றார்கள். வெள்ளை ஆட்டக்காரர்கள் ஓட்டலில் தங்க, அணியின் நட்சத்திரம் கறுப்பினக் கல்லூரி ஒன்றின் விடுதியில் தனியாகப் படுத்தார். சக ஆட்டக்காரர்களும் பயிற்சியாளரும் அன்று ஒன்றும் பேசாமல் இருந்ததை அவர் பிற்காலத்திலும் மறக்கவில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஜெர்ரி வெஸ்ட்டோடு கூட்டுத் தலைவராக இருந்து தங்கம் வென்றார்.

எந்த அணிக்கு ஆடுவது என்று தீர்மானிக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. அப்போது ‘டெரிட்டோரியல் பிக்’ என்று ஒரு விதி இருந்தது. உள்ளூர்க் கல்லூரியில் புகழ்பெற்ற ஆட்டக்காரனை உள்ளூர் அணி, புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டுக்கு முன்பே ‘இவன் எங்களுக்கு’ என்று சொல்லிவிடலாம். கல்லூரி ரசிகர்கள் டிக்கெட் வாங்கி வருவார்கள் என்ற கணக்கு. சின்சினாட்டி ராயல்ஸ் சொல்லியது. அத்தோடு முடிந்தது.

இப்போது எண்கள். ராபர்ட்சன் 6 அடி 5 அங்குலம். அந்தக் காலத்தில் பந்தைக் கொண்டுவரும் கார்டுகள் பொதுவாக அவரைவிடக் குள்ளம். அவர் எதிராளிக்கு முதுகைக் காட்டிப் பந்தைத் தட்டிக்கொண்டே அங்குலம் அங்குலமாகப் பின்னால் தள்ளிப் போவார். பன்னிரண்டு அடியில் எறிய இடம் கிடைத்தாலும் எறிய மாட்டார், பத்தடிக்கு வருவார். பத்தடி கிடைத்தால் எட்டடி கேட்பார். பாய்ச்சலோ வித்தையோ இல்லை. இரண்டாவது பருவமான 1961–62-இல் 79 ஆட்டங்களில் அவருடைய சராசரி 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட். மூன்றும் பத்துக்கு மேல். அந்தப் பருவத்தில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை, ‘ட்ரிபிள் டபுள்’ என்ற சொல்லே அப்போது புழக்கத்தில் இல்லை. அவர் ஓய்வுபெற்றுப் பல வருடம் கழித்து, மேஜிக் ஜான்சன் காலத்தில்தான் அப்படி ஒரு கணக்கு வைக்கத் தொடங்கினார்கள். பழைய ஏடுகளைப் புரட்டினால் அங்கே ராபர்ட்சன் உட்கார்ந்திருந்தார். முதல் ஐந்து பருவங்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தாலும் மூன்றும் பத்தைத் தாண்டுகின்றன. இன்னொருவர் ஒரு பருவம் முழுக்க அப்படி ஆடியது 2016–17-இல்தான், ரஸல் வெஸ்ட்புரூக்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1962-இல் ஆட்டம் இன்றைவிட வேகம். ஒவ்வொரு அணியும் ஓர் ஆட்டத்தில் சராசரியாக நூறு முறைக்கு மேல் வளையத்தை நோக்கி எறிந்தது, பாதிக்கு மேல் தவறியது. தவறிய பந்து அதிகமென்றால் பிடிக்கிற பந்தும் அதிகம். ஆகவே அந்த 12.5-ஐ இன்றைய அளவுகோலில் சற்றுக் குறைத்துத்தான் படிக்கவேண்டும். அதேசமயம், அந்த வேகத்தில் ஆடிய வேறு எந்தக் கார்டும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 1960 முதல் 1968 வரை ஒன்பது ஆண்டுகள் பருவத்தின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது வில்ட் சேம்பர்லினுக்கும் பாஸ்டனின் பில் ரஸலுக்குமே மாறி மாறிப் போனது. நடுவில் 1964-இல் மட்டும் ராபர்ட்சன். கோப்பைதான் கிடைக்கவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் வழியில் பாஸ்டனோ வேறொருவரோ நின்றார்கள்.

ராயல்ஸ் அணியில் அவர் சேர்ந்தபோது அங்கே ஒரு காயம் ஆறாமல் இருந்தது. மாரிஸ் ஸ்டோக்ஸ் என்ற அருமையான ஆட்டக்காரர் 1958 மார்ச்சில் மினியாபொலிஸ் ஆட்டத்தில் தலையடிபட விழுந்தார். மயக்கம் தெளிவித்து மறுபடி ஆடவிட்டார்கள். மூன்று நாள் கழித்து இன்னொரு ஆட்டத்திலும் ஆடினார். ஊர் திரும்பும் விமானத்தில் நினைவிழந்தவருக்கு உடல் முழுக்கச் செயலற்றுப் போனது. லீக்கில் அவரைக் காப்பாற்ற ஓய்வூதியமும் இல்லை, ஏற்பாடும் இல்லை. சக ஆட்டக்காரர் ஜாக் ட்வைமன் சட்டப்படி காப்பாளராகி, நிதி திரட்டி, பன்னிரண்டு ஆண்டு பார்த்துக்கொண்டார். ட்வைமன் வெள்ளையர், ஸ்டோக்ஸ் கறுப்பினத்தவர். இதைத் தோழமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள், சரிதான். ஒரு தொழிலாளி வேலையிடத்தில் அடிபட்டால் சக தொழிலாளியின் நல்ல மனத்தை நம்பித்தான் பிழைக்கவேண்டும் என்ற ஏற்பாட்டைப் பற்றி என்ன சொல்வது? பூட்டிய கதவுக்குள் உட்கார்ந்தவர்கள் கேட்டது அதைத்தான்.

ஆட்டக்காரர் சங்கத்தை 1954-இல் தொடங்கியவர் செல்டிக்ஸ் அணியின் பாப் கூஸி. இந்தப் பெயரை மனதில் வையுங்கள். 1965-இல் ராபர்ட்சன் தலைவரானார். அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டுச் சங்கங்களில் கறுப்பினத்தவர் ஒருவர் தலைவரானது அதுவே முதல் முறை. சங்கத்தின் வக்கீல் லாரி ஃப்ளைஷர்.

அன்றைய ஒப்பந்தத்தில் ‘ஆப்ஷன் கிளாஸ்’ என்று ஒரு பிரிவு இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் அணி விரும்பினால் இன்னொரு வருடம் அதையே நீட்டிக்கலாம். புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் அதிலும் அதே பிரிவு இருக்கும். வேறு அணி கூப்பிடாது, முதலாளிகளுக்குள் அப்படி ஒரு புரிந்துணர்வு. விற்றால் போகவேண்டும், வைத்துக்கொண்டால் இருக்கவேண்டும். இந்தச் சுவரில் முதல் ஓட்டை விழுந்தது 1967-இல். அமெரிக்கன் பாஸ்கெட்பால் அசோசியேஷன், சுருக்கமாக ஏ.பி.ஏ., என்ற போட்டி லீக் தொடங்கியது. ஆட்டக்காரனுக்கு இன்னொரு கதவு திறந்தது, சம்பளம் ஏறியது. 1970 வாக்கில் இரண்டு லீக்குகளும் இணைந்துகொள்ளப் பேச்சு நடத்தின. இணைந்தால் கதவு மறுபடி மூடும்.

1970 ஏப்ரல் 16 அன்று நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் 14 ஆட்டக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஒவ்வொரு அணியிலிருந்தும் ஒருவர். ஜான் ஹாவ்லிசெக், பின்னாளில் செனட்டரான பில் பிராட்லி, வெஸ் அன்ஸெல்ட், செட் வாக்கர் எல்லோரும் அதில் உண்டு. முதல் பெயர் சங்கத் தலைவருடையது. இணைப்பைத் தடுக்கவேண்டும், ஆப்ஷன் கிளாஸும் டிராஃப்ட்டும் ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு விரோதம் என்று அறிவிக்கவேண்டும் என்பது கோரிக்கை. அதே ஆண்டு ஜனவரியில்தான் பேஸ்பால் ஆட்டக்காரர் கர்ட் ஃப்ளட் இதே மாதிரி ஒரு வழக்கைப் போட்டிருந்தார். ஃப்ளட் ஏறத்தாழத் தனியாள். களத்தில் ஆடிக்கொண்டிருந்த எவரும் அவருக்காகச் சாட்சி சொல்ல வரவில்லை. 1972-இல் உச்சநீதிமன்றத்தில் தோற்றார். கூடைப்பந்தில் 14 பேர் சேர்ந்து நின்றார்கள். இந்த வித்தியாசத்தை ராபர்ட்சனின் தலைமைக்கு நான் வரவு வைக்கிறேன்.

வழக்குப் போட்ட ஐந்தாம் நாள், ஏப்ரல் 21 அன்று, ராயல்ஸ் நிர்வாகம் அவரை மில்வாக்கி பக்ஸ் அணிக்கு மாற்றிவிட்டது. பதிலுக்கு ஃப்ளின் ராபின்சன், சார்லி பால்க் என்று இரண்டு பேர். பத்து வருடம் அந்த ஊரின் முகமாக இருந்தவருக்குக் கிடைத்த விலை அது. வழக்குக்குப் பழிவாங்கல் என்று நான் சொல்லமாட்டேன், மாற்றும் முயற்சி அந்தக் குளிர்காலத்திலேயே நடந்தது; பால்டிமோருக்கு அனுப்பப் பார்த்தபோது, தன் ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கியிருந்த உரிமையைக் காட்டி மறுத்திருந்தார். அப்போது ராயல்ஸின் பயிற்சியாளர் யார் தெரியுமா? சங்கத்தைத் தொடங்கிய அதே பாப் கூஸி.

மில்வாக்கி அவருக்கு நல்லதாகவே போனது. இரண்டு வயதே ஆன அணி. 7 அடி 2 அங்குல உயர லூ அல்சிண்டர் அங்கே இருந்தார், கோப்பைக்குப் பிறகு கரீம் அப்துல்-ஜப்பார் என்று பெயர் மாற்றிக்கொண்டவர். ராபர்ட்சனுக்கு வயது 32. இனி தானே எல்லாம் எறியவேண்டியதில்லை. 1970–71 பருவத்தில் பக்ஸ் 82 ஆட்டங்களில் 66-ஐ வென்றது. இறுதிச் சுற்றில் பால்டிமோரை 4–0 என்று துடைத்தெறிந்தது. 1971 ஏப்ரல் 30 அன்று கடைசி ஆட்டத்தில் ராபர்ட்சன் 30 புள்ளி எடுத்தார். பதினோரு வருடக் காத்திருப்பு முடிந்தது. 1974 இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டனிடம் தோற்றதோடு ஓய்வு. அன்று 13 முறை எறிந்ததில் இரண்டுதான் விழுந்தது. மொத்தக் கணக்கு 1,040 ஆட்டங்கள், 26,710 புள்ளிகள், 9,887 அசிஸ்டுகள். அந்த அசிஸ்ட் சாதனை 1991 வரை நின்றது.

ஆட்டம் முடிந்த பிறகும் வழக்கு முடியவில்லை. நீதிமன்றம் லீக்குகளின் இணைப்புக்குத் தடை போட்டிருந்தது. வழக்கு நீதிபதி ராபர்ட் கார்ட்டரிடம் வந்தது. பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழித்த 1954-இன் பிரவுன் வழக்கில் தர்குட் மார்ஷலோடு வாதாடிய அதே கார்ட்டர். பிரிவினைப் பள்ளியில் படித்த வாதி, பிரிவினையை உடைத்த வக்கீல் நீதிபதியாக! கதையில் எழுதினால் நம்பமாட்டீர்கள். வழக்கைத் தள்ளுபடி செய்யும்படி என்.பி.ஏ. கேட்டதை 1975-இல் அவர் மறுத்தார், டிராஃப்ட்டும் ஆப்ஷன் கிளாஸும் சட்டத்துக்குமுன் நிற்காது என்பதை மறைக்காமலும் எழுதினார். முதலாளிகளுக்குப் புரிந்துவிட்டது. 1976-இல் சமரசம். ஏறத்தாழ 500 ஆட்டக்காரர்களுக்கு 43 லட்சம் டாலர் இழப்பீடு. ஆப்ஷன் கிளாஸ் ஒழிந்தது. ஒப்பந்தம் முடிந்தவர் வேறு அணியோடு பேசலாம். தொடக்கத்தில் பழைய அணிக்கு ஈடு தரவேண்டும், பிறகு அந்த ஈடும் போய், வந்த விலைக்கு நிகராகக் கொடுத்துத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமை மட்டும் பழைய அணிக்கு. ஏ.பி.ஏ.வின் நான்கு அணிகள் என்.பி.ஏ.வில் சேர்ந்தன. முழுச் சுதந்திரம் 1988-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வழக்குப் போட்ட சங்கத் தலைவர் ஜூனியர் பிரிட்ஜ்மன், அவரும் மில்வாக்கி ஆட்டக்காரர்தான். அந்தக் கோடையில் சியாட்டிலிலிருந்து ஃபீனிக்ஸுக்குப் போன டாம் சேம்பர்ஸ், எந்தக் கட்டும் இல்லாத முதல் ஃப்ரீ ஏஜென்ட்.

ராபர்ட்சனுக்கு இதில் என்ன கிடைத்தது? ஓய்வுபெற்றதும் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் வர்ணனையாளர் வேலை, ஒரே பருவம். பயிற்சியாளராகவோ மேலாளராகவோ எந்த என்.பி.ஏ. அணியும் அவரை அமர்த்தவில்லை. சின்சினாட்டிக்குத் திரும்பி ரசாயன நிறுவனம் ஒன்றை நடத்தினார். 1980-இல் ஹால் ஆஃப் ஃபேம் பெருமை. 1997-இல் லூபஸ் நோயால் சிறுநீரகம் செயலிழந்த மகளுக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். பிறகு உறுப்புதானத்துக்காக ஊர் ஊராகப் பேசினார். எழுபது வயதைத் தாண்டியபின் மறுபடி நீதிமன்றம் ஏறினார்: கல்லூரி ஆட்டக்காரர்களின் பெயரையும் உருவத்தையும் விற்றுக் காசு பார்க்கும் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. அவர்களுக்கு ஒன்றும் தருவதில்லை என்று முன்னாள் கல்லூரி ஆட்டக்காரர் எட் ஓபேனன் போட்ட வழக்கில் இவரும் வாதியாகச் சேர்ந்தார். 2014-இல் அந்த வழக்கும் வென்றது.

வாழ்நாளில் அவர் எடுத்த 181 ட்ரிபிள் டபுள்களை 2021 மே மாதம் வெஸ்ட்புரூக் தாண்டினார். பத்திரிகைகள் அன்று ராபர்ட்சனைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்தன. எண்கள் தாண்டப்படுவதற்காகவே இருப்பவை. 1976 சமரசத்துக்கு ‘ஆஸ்கர் ராபர்ட்சன் விதி’ என்று பெயர். லெப்ரான் ஜேம்ஸும் கெவின் டுரான்ட்டும் ஒப்பந்தம் முடிந்து வேறு ஊருக்குப் போனது அந்த விதி திறந்துவிட்ட வழியில்தான்.

அடுத்த வாரம் ஏ.பி.ஏ.வுக்குள் நுழைவோம். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூவண்ணப் பந்தும், அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆகாயத்தில் நடந்த ஜூலியஸ் எர்விங்கும் காத்திருக்கிறார்கள்.

(தொடரும்)